கலப்புப் படகுப் போட்டியில் வேகப் படகு ஓட்டுவது எப்படி? மனோரா கடற்கரைக்கான முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர் மாவட்டத்தில் மனோரா கோட்டைக்கு அருகிலுள்ள மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், அதிராம்பட்டினம் பக்கம் கடலில் ஆழமும் அலையும் குறைவு. காவிரிப் படுகையின் இந்தத் தெற்கு விளிம்பில் பாய் டிங்கி எனப்படும் சிறு பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள் கூடினால் எல்லாரிடமும் ஒரே வகைப் படகு இருக்காது. வேகமான ஒரு டுவென்டிநைனர் (29er), ஒருவர் ஓட்டும் சில இல்கா 7, இருவர் ஓட்டும் ஒரு 420, பிள்ளைகளின் ஆப்டிமிஸ்ட் என்று கலந்துதான் வரும். எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நிறுத்தி, நேரத்தைத் திருத்திக் கணக்கிட்டு வெற்றி சொல்வதுதான் கலப்புப் போட்டி.

இதில் அதிகம் தடுமாறுகிறவர்கள் வேகப் படகுக்குப் புதிதாக வந்தவர்களே. எல்லாரையும் முந்திக்கொண்டு முதலில் கோட்டைக் கடக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் நான்காவது இடம். காரணம் பெரும்பாலும் வேகக் குறைவு அல்ல, செய்ய வேண்டியதை வரிசை மாற்றிச் செய்வதுதான். எடுத்துக்காட்டுகளை டுவென்டிநைனரை வைத்தே சொல்கிறேன். படகின் உடல் எடை சுமார் 74 கிலோ, நீளம் நாலரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு, இரண்டு பேர், துணையாள் வெளியே தொங்கிச் சமன் செய்ய ஒரு டிராபீஸ் கம்பி, காற்றோடு ஓடும்போது ஏற்றும் பெரிய முன்பாயான ஒரு ஸ்பின்னேக்கர். இதுபோன்ற எந்த இலகுப் படகுக்கும் முறை ஒன்றுதான்.

1. கரையிலேயே கணக்கை முடியுங்கள்

பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் வெளியிடும் போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் எண்தான் டிங்கிகளுக்குப் பரவலாகப் பயன்படும் அளவுகோல். வேகமான படகுக்குச் சிறிய எண், மெதுவான படகுக்குப் பெரிய எண். டுவென்டிநைனருக்கு ஏறத்தாழ 900, இல்கா 7க்கு 1100, 420க்கு 1110, ஆப்டிமிஸ்டுக்கு 1640. எண்கள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. அன்றைய போட்டிக்கு எந்தப் பட்டியல் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடிய நேரத்தை நொடியாக்கி 1000ஆல் பெருக்கி, படகின் எண்ணால் வகுத்தால் திருத்திய நேரம் கிடைக்கும். நீங்கள் 45 நிமிடத்தில் முடித்தால் 2700 நொடி. திருத்தினால் 3000. இல்கா 7 அதே 3000ஐத் தொட 55 நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். ஆக, உங்களுக்குப் பின்னால் பத்து நிமிடம் கழித்து நிதானமாக வருகிறவர்தான் உங்களுக்குச் சமமானவர்.

கடலில் வகுத்தல் போட முடியாது. 1100க்கும் 900க்கும் உள்ள விகிதம் 11க்கு 9. எனவே ஒன்பது நிமிடம் ஓடினால் இரண்டு நிமிடம் முன்னால் இருக்க வேண்டும். ஒரு சுற்று 15 நிமிடம் என்றால் சுற்றுக்கு 3 நிமிடம் 20 நொடி. இந்த ஒரு வரியை மெழுகுப் பென்சிலால் பாயின் அடிக்கட்டையான பூமுக்குப் பக்கத்தில், குனியாமலே கண்ணில் படும் இடத்தில் எழுதுங்கள். மிதவையைச் சுற்றியதும் கடிகாரத்தைப் பாருங்கள். பின்னால் வரும் இல்கா அதே மிதவைக்கு வந்ததும் மறுபடி பாருங்கள். வெல்கிறீர்களா தோற்கிறீர்களா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இன்னொரு கணக்கும் மனத்தில் நிற்கட்டும். நீங்கள் இழக்கும் ஒரு நிமிடம் திருத்தத்தில் ஏறத்தாழ 67 நொடியாகிறது. இல்காகாரர் இழக்கும் ஒரு நிமிடமோ 55 நொடிக்குள் அடங்கிவிடும். ஒரே தவறுக்கு வேகப் படகு கூடுதல் விலை கொடுக்கிறது. அதனால்தான் கீழே சொல்லும் எல்லாவற்றிலும் வேகத்தைவிடத் தவறு செய்யாமையை முன்னால் வைக்கிறேன்.

2. எப்படிப்பட்ட ஓட்டம் என்று கேளுங்கள்

சராசரிச் சுற்று முறையா, துரத்தல் முறையா? சராசரிச் சுற்று முறையில் மெதுவான படகுகள் குறைந்த சுற்றுகளோடு முடிக்கலாம். நீங்கள் மூன்று சுற்றை 45 நிமிடத்தில் முடிக்கும்போது ஆப்டிமிஸ்ட் இரண்டு சுற்றை 54 நிமிடம் 40 நொடியில் முடித்தால், அதன் நேரத்தை மூன்று சுற்றுக்கு விரித்து 82 நிமிடம் என்று கொள்வார்கள். திருத்திப் பாருங்கள், இருவரும் சமம். பிள்ளைகள்தானே என்று ஆப்டிமிஸ்டைக் கணக்கில் சேர்க்காதவர்கள் பலமுறை ஆப்டிமிஸ்டிடம்தான் தோற்கிறார்கள்.

துரத்தல் முறையில் மெதுவான படகு முதலில் கிளம்பும், கணக்குப் போட்ட இடைவெளியில் மற்றவை கிளம்பும், நேரம் முடியும்போது முன்னால் இருப்பவர் வென்றவர். 60 நிமிட ஓட்டத்தில் மிக மெதுவான படகு 420 என்றால் டுவென்டிநைனர் 11 நிமிடம் 21 நொடி கழித்துக் கிளம்ப வேண்டும். இந்த முறையில் எல்லாரையும் கடலிலேயே முந்தியாக வேண்டும் என்பதால் 8ஆம் படிதான் உயிர்.

பாதையின் வடிவத்தையும் கேளுங்கள். மிதவைகளை நெருக்கி முக்கோணமாகப் போட்டால் பக்கவாட்டு ஓட்டத்தில் ஸ்பின்னேக்கரைப் பிடித்து நிறுத்த முடியாது. உங்கள் எண் ஸ்பின்னேக்கரோடு ஓடும் வேகத்துக்குக் கொடுக்கப்பட்ட எண். காற்றுக்கு நேர் எதிரே ஒரு மிதவை, நேர் கீழே ஒரு மிதவை என்று நீளமாகப் போடும்படி போட்டி நடத்துபவரிடம் கரையிலேயே மரியாதையாகக் கேளுங்கள். ஓட்டம் முடிந்தபின் கேட்டால் அது புலம்பலாகத்தான் காதில் விழும்.

3. பருவமும் காற்றும் பார்த்து நாள் குறியுங்கள்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு நடமாட்டம் இல்லாததால் போட்டிக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. நண்டு வலையும் அதன் மிதப்புக் கட்டைகளும் கடலில் இருந்துகொண்டேதான் இருக்கும். முந்தைய நாளே ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லி, வலை எங்கே கிடக்கிறது என்று கேட்டு, பாதையை அதற்கு விலக்கிப் போடுவதுதான் முறை. கடல் அவர்கள் பிழைக்கும் இடம். விளையாட்டுக்குப் போகிற நாம்தான் விலக வேண்டும். கடலோரக் காவல் படைக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

கடலிலிருந்து வரும் கொண்டல் சீராக வீசும். நிலத்தைக் கடந்து வரும் கச்சான் குத்துக்குத்தாக வரும், திசையும் மாறும். கச்சானில் கரையோரம் கடல் கண்ணாடிபோல் கிடக்கும். அதைப் பார்த்து ஏமாந்து புதியவர்கள் இறங்கிவிடுகிறார்கள். கவிழ்ந்தால் காற்று படகை ஆழ்கடல் பக்கம் தள்ளும். மீட்புப் படகு இல்லாத நாளில் கச்சானில் இறங்காதீர்கள். கடலோரக் காவல் உதவி எண் 1093, இந்தியக் கடலோரக் காவல்படையின் தேடல் மீட்பு எண் 1554. இரண்டும் ஈரம் புகாத பையில் இருக்கும் கைப்பேசியில் பதிவாகியிருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வாய்க்கால்களும் ஆறுகளும் ஆகாயத்தாமரையைக் கடலில் கொண்டுவந்து தள்ளும். முத்துப்பேட்டைக் காயலுக்குள் பாமணியாறும் கோரையாறும் வந்து விழும் பக்கங்களில் சேறும் சேர்ந்துகொள்ளும். அந்த வாரங்களில் வேகப் படகை இறக்கிப் பயனில்லை.

4. சேற்றுக் கடலுக்கு ஏற்றபடி படகைத் தயார் செய்யுங்கள்

இங்கே இடுப்பளவுத் தண்ணீர் வெகுதூரம் போகும். டேகர்போர்டை, அதாவது படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் பலகையை, முழுதாக இறக்கும் ஆழம் வரும்வரை பாயை முழுவதும் இழுக்காதீர்கள். பலகை பாதி இறங்கிய நிலையில் முழுப் பாய் வாங்கினால் படகு பக்கவாட்டில் நழுவும், சுக்கானுக்குப் பிடிமானம் இருக்காது.

பாய்மர உச்சியில் ஒரு சிறு மிதப்பு கட்டுங்கள். பாய்மரம் ஆறு மீட்டருக்கு மேல், தண்ணீர் இரண்டு மூன்று மீட்டர்தான். முழுதாகக் குப்புறக் கவிழ்ந்தால் உச்சி சேற்றில் குத்தி நிற்கும். அப்படிக் குத்திக்கொண்டால் பலகை மேல் ஏறிக் குதித்து நிமிர்த்தப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பாய்மரம் வளைந்துவிடும். பலகையை விட்டு இறங்குங்கள், பாய்க் கயிறுகளைத் தளர்த்துங்கள், மீட்புப் படகை அழைத்து, குத்திய திசைக்கு நேர் எதிராக மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கடல்புல். பாக் விரிகுடாவின் புல்வெளிகளுக்காகத்தான் ஆவுளியா எனப்படும் கடல்பசு இங்கே வாழ்கிறது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. நங்கூரம் இழுபட்டுப் புல்லைப் பிடுங்கும் என்பதால் மிதவைகளுக்கு மணல்மூட்டை கட்டுவதே சரி. படகுக்கு வரும் தொல்லை அறுந்து மிதக்கும் புல்லால். நாடாபோல் நீண்ட இலை சுக்கானின் முன்விளிம்பில் மடிந்து ஒட்டிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. சுக்கான் பிடியில் மெல்லிய அதிர்வு, படகின் பின்னால் வழக்கத்தைவிட நுரை கூடுதல், இரண்டும் சேர்ந்து வந்தால் புல் என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு மிதவைக்கு முன்பும் துணையாள் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு நிமிடம் முன்பு பலகையை ஒருமுறை ஏற்றி இறக்குங்கள்.

உயிர்காப்பு மிதவைச் சட்டை, முழுக்கை உடை, கயிறு அறுக்கும் கத்தி, குடிநீர். சொறிமீன் வரும் மாதங்களில் முழுக்கை உடையின் அருமை தெரியும்.

5. முன்கூட்டியே கடலில் இறங்குங்கள்

முதல் அறிவிப்புக்கு அரை மணி நேரம் முன்பாவது படகு தண்ணீரில் இருக்கட்டும். அந்த நேரத்தில் மூன்று காரியங்களை இதே வரிசையில் செய்யுங்கள். முதலில் காற்றுக்கு எதிராக ஓடி, இரு பக்கத் திசையையும் திசைகாட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பின்னேக்கரை ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். முடிச்சு விழுந்த கயிறு போட்டியில் தெரிவதைவிட இப்போது தெரிவது நல்லது. கடைசியாகக் கோட்டின் இரு முனைகளையும் பார்த்து எது காற்றுக்கு அருகில் என்று கணியுங்கள்.

வரிசையை மாற்றினால் கோட்டைப் பார்த்த பிறகு காற்று திரும்பியிருக்கும், உங்கள் கணிப்பு பழையதாகிப்போகும்.

6. கிளம்பும் கோடு: இடம்தான் முக்கியம்

வழக்கமான ஒலி வரிசை ஐந்து நிமிடம், நான்கு நிமிடம், ஒரு நிமிடம், கிளம்பல். எல்லாப் படகுக்கும் நேரம் கிளம்பல் ஒலியிலிருந்துதான் ஓடத் தொடங்கும், நீங்கள் கோட்டைக் கடந்த கணத்திலிருந்து அல்ல. ஆனாலும் இரண்டு நொடி தாமதம் என்றால் திருத்தத்தில் இரண்டேகால் நொடிகூட ஆகாது. இல்காக்களின் நடுவே சிக்கினால் முதல் எதிர்க்காற்று ஓட்டம் முழுவதும் அவர்கள் பாய் கலக்கிவிட்ட காற்றில் போவீர்கள். அந்த இழப்பு நிமிடக் கணக்கில் வரும்.

இல்கா கோட்டில் பாயைத் தளரவிட்டு அசையாமல் நிற்கும். இலகுப் படகு அப்படி நிற்காது. நின்றால் பக்கவாட்டில் நழுவும், மீண்டும் வேகம் பிடிக்க மூக்கைக் கொஞ்சம் காற்றுக்குக் கீழே இறக்கியாக வேண்டும். அதற்கு இடம் வேண்டும். எனவே காற்று போகும் பக்கத்தில், அதாவது உங்களுக்குக் கீழே, இரண்டு படகு நீளமாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள். யாராவது அந்த இடத்தில் நுழைந்தால் சண்டை பிடிக்காமல் வேறு இடம் தேடுங்கள்.

நான் புதியவர்களுக்குச் சொல்வது இதுதான்: கூட்டம் குவியும் முனையை விடுங்கள், கோட்டின் மூன்றில் ஒரு பங்கு தள்ளி நில்லுங்கள், முழு வேகத்தோடு இரண்டு நொடி தாமதமாகக் கடவுங்கள். நடுவர் படகு முனையில் மேலிருந்து இடித்து நுழையும் ஆசை வேண்டாம். கிளம்பும்போது அந்த முனையில் இடம் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை, காற்று வரும் பக்கத்தில் இருப்பவர்தான் விலக வேண்டும். விதி மீறினால் இரண்டு வட்டம் சுற்ற வேண்டியிருக்கும். டிராபீஸ் படகில் அதற்கு ஆகும் நேரம் அன்றைய வெற்றியையே கொண்டுபோய்விடும்.

7. காற்றுக்கு எதிராக: குறைவாகத் திரும்புங்கள்

இல்கா காற்றை ஒட்டிக் கூர்மையாக ஏறும். நீங்கள் சற்றுத் தாழ்வாக, ஆனால் வேகமாகப் போக வேண்டும். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அவரைப்போல் ஏற முயன்றால் பலகை நீரோட்டத்தை இழந்து படகு நழுவும். உங்கள் கண் உங்கள் ஜிப்பின், அதாவது சிறிய முன்பாயின், காற்றோட்டம் காட்டும் நூல்களில் இருக்கட்டும்.

டாக் அடிப்பது, அதாவது மூக்கைக் காற்றின் வழியே திருப்புவது, உங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் செலவு. துணையாள் டிராபீஸிலிருந்து உள்ளே வந்து, மறுபக்கம் போய், கொக்கி மாட்டி வெளியே தொங்கும்வரை படகு முழு வேகத்தில் இல்லை. காற்று தெளிவாகத் திரும்பினால் மட்டும் திரும்புங்கள். சிறு அசைவுகளை விட்டுவிடுங்கள்.

குறுக்கே வரும் மெதுவான படகு ஒரு தனிப் பாடம். நீங்கள் ஸ்டார்போர்டு டாக்கில், அதாவது வலப்புறக் காற்றோடு வருகிறீர்கள், எதிரே இல்கா போர்ட் டாக்கில் வருகிறது. வழி உங்களுக்கு உரியது. ஆனால் நீங்கள் உரிமையை வற்புறுத்தினால் அவர் உங்களுக்குக் கீழே, சற்று முன்னால் டாக் அடித்து அமர்வார். அவர் பாய் விலக்கும் காற்று உங்களைத் தடுக்கும். அதைவிட "போங்கள்" என்று முன்கூட்டியே உரக்கச் சொல்லி, அவர் பின்புறத்தை ஒட்டி நீங்கள் கடந்துபோவது மலிவு. இழப்பு ஒன்றிரண்டு நொடிதான்.

8. முந்துவது: தூரம் விட்டு, கீழ்ப்பக்கமாக

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் திரும்பப் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பக்கக்காற்று ஓட்டத்தில் முன்னால் ஒரு 420 போகிறது. புதியவர் காற்று வரும் பக்கமாக, அவரை ஒட்டி முந்தப் போகிறார். 420காரர் தன் காற்றைக் காக்க மூக்கை மேலே திருப்புகிறார். அவருக்கு அந்த உரிமை உண்டு. இருவரும் காற்றை நோக்கி ஏறிக்கொண்டே போகிறார்கள், பின்னால் வரும் இல்காக்கள் நேராகப் போய் இருவரையும் வென்றுவிடுகின்றன. 420காரரும் தோற்கிறார், அதனால் உங்களுக்கு என்ன லாபம்?

மேல்பக்கமாகத்தான் போக வேண்டும் என்றால், அவர் திருப்ப நினைக்காத தூரத்தில், பல படகு நீளம் விலகிப் போங்கள். கீழ்ப்பக்கமாகப் போனால் அவர் பாயின் காற்று நிழலைத் தாண்ட வேண்டும். அந்த நிழல் பாய்மர உயரத்தைப்போல ஐந்தாறு மடங்கு நீளும். அதற்கும் அப்பால், ஒரு குத்துக்காற்று வரும் கணத்தைப் பார்த்துக் கடவுங்கள். வேக வித்தியாசம் பெரிது என்பதால் சுற்றிப்போகும் தூரத்தை எளிதில் மீட்டுவிடுவீர்கள்.

ஒரு சுற்று பின்தங்கிய படகுகளை முந்தும்போது இன்னும் கவனம் வேண்டும். வேறு கட்டத்தில் ஓடும் படகுக்கு, இயன்றவரை, இடைஞ்சல் செய்யக் கூடாது என்று பந்தய விதியே சொல்கிறது. ஆப்டிமிஸ்டில் இருப்பது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளை. ஸ்பின்னேக்கரோடு பாய்ந்து வரும் படகைக் கண்டால் பயந்து சுக்கானைத் திருப்பிவிடும். தூரத்திலேயே எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று குரல் கொடுங்கள், "தம்பி, அப்படியே நேராகப் போ" என்று சொல்லுங்கள்.

9. காற்றோடு: வளைந்து போங்கள், சீக்கிரம் இறக்குங்கள்

இல்கா கீழ் மிதவையை நோக்கி நேராகப் போகும். நீங்கள் அப்படிப் போனால் ஸ்பின்னேக்கர் சோர்ந்து தொங்கும். படகைப் பக்கம் திருப்பி வேகம் பிடித்து, அந்த வேகத்தோடு மெல்லக் கீழே இறக்கி, மீண்டும் வேகம் குறையும்போது பக்கம் திருப்ப வேண்டும். தூரம் கூடும், ஆனாலும் முன்னதாகச் சேர்வீர்கள்.

நெருக்கமான முக்கோணப் பாதை என்றால் ஸ்பின்னேக்கரை உடனே ஏற்றாதீர்கள். முதலில் இரண்டு பாயோடு நேர்க்கோட்டுக்கு மேலே ஏறிப்போங்கள். மிதவை போதுமான அளவு கீழே வந்ததும் ஏற்றி, அதன்மேல் பாய்ந்து இறங்குங்கள்.

கீழ் மிதவைதான் புள்ளிகள் கரையும் இடம். மூன்று படகு நீள வட்டத்துக்குள் முதல் படகு நுழையும்போது உள்பக்கம் இணையாக இருப்பவருக்கு இடம் தர வேண்டும். நீங்களோ மிக வேகமாக வருகிறீர்கள், அங்கே நாலு மெதுவான படகு குவிந்து நிற்கிறது. வழக்கத்தைவிட ஐந்து நொடி முன்னதாகவே ஸ்பின்னேக்கரை இறக்கி, வெளியே அகலமாகச் சுற்றி, மிதவையை ஒட்டி வெளியேறுங்கள். தாமதமாக இறக்கி அந்தக் கூட்டத்தில் மாட்டினால் கவிழ்வது உறுதி. கவிழ்ந்தால் முதலில் ஸ்பின்னேக்கரை உள்ளே இழுங்கள், பிறகுதான் நிமிர்த்த வேண்டும். தண்ணீர் நிறைந்த ஸ்பின்னேக்கரோடு நிமிர்த்தினால் படகு உடனே மறுபக்கம் சாயும்.

10. காற்றுக்கு ஏற்ப எதிர்பார்ப்பு

யார்ட்ஸ்டிக் எண் பலவகைக் காற்றின் சராசரி. படகு தண்ணீர் மேல் சறுக்கத் தொடங்கும் காற்றில் கணக்கு உங்கள் பக்கம் சாயும். காலை நேரத்து மெல்லிய காற்றில் இல்காவின் பக்கம் சாயும். மெல்லிய காற்றில் ஆபத்தான பந்தயம் கட்டாதீர்கள். எல்லாரும் போகும் பக்கமே போய், இழப்பைச் சிறிதாக்குங்கள். தொடர் போட்டியில் காற்று வரும் நாள் ஒன்று வரும்.

11. கரையேறிய பின்

நன்னீரில் டேகர்போர்டு பெட்டியையும் கப்பிகளையும் கழுவுங்கள். இந்தக் கடல்சேறு காய்ந்தால் கல்லாக இறுகும், அடுத்த முறை பலகை இறங்காது.

பிறகு ஒரு நோட்டில் ஒவ்வொரு சுற்றின் நேரம், முக்கியப் போட்டியாளரோடு இருந்த இடைவெளி, தேவைப்பட்ட இடைவெளி, காற்றின் பெயர், நொடிகள் எங்கே போயின என்று எழுதுங்கள். கடைசிப் பத்தியில் "கிளம்பல்", "முந்தல்", "கீழ் மிதவை", "புல்", "கவிழ்தல்" என ஏதாவது ஒன்று இருக்கட்டும். ஒரு தொடர் முடிந்ததும் அந்தப் பத்தியை மேலிருந்து கீழே படியுங்கள். எந்தச் சொல் அதிகம் வருகிறதோ அந்தப் படியிலிருந்து அடுத்த பயிற்சியைத் தொடங்குங்கள்.